சிவப்புப் பென்சிலுக்குத் தப்பிய மீன்

பழைய தமிழ் அகப்பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. காதலிப்பவர் இன்னார் என்று பெயர் சொல்லிவிடக் கூடாது. அவன், அவள், தோழி, தாய், அவ்வளவுதான். இந்தச் சட்டத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெயர் சொல்லப் பயந்தவன் எதற்குக் காதலிக்க வேண்டும் என்று கேட்டேன். இப்போது எழுத உட்கார்ந்தால் அந்தச் சட்டம் எவ்வளவு வசதி என்று தெரிகிறது. நான் சொல்லப்போகிறவர்களில் பலர் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், சிலர் என்னைவிடக் கோபக்காரர்கள். ஆகையால் நானும் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் தெற்குக் கல்கத்தாவில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்தினோம். துறைமுகம், ரயில்வே, வங்கி, ராணுவக் கணக்கு அலுவலகம் என்று மாற்றலாகி வந்தவர்களும், மூன்று தலைமுறையாக இங்கேயே வேர்விட்டவர்களும் கலந்த கூட்டம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில் கவிதை வாசிப்பு நடக்கும். கவிதை கேட்க வந்தவர்கள் சிலர். வாசிப்பு முடிந்ததும் வருகிற சுண்டலுக்கும், சிங்காரா என்கிற வங்காளச் சமோசாவுக்கும் வந்தவர்கள் பலர். எங்கள் அப்பா மூன்றாவது வகை. அவர் தூங்குவதற்கு வந்தார்.

சங்கத்தின் செயலாளர் வருமான வரி அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். யார் என்ன எழுதினாலும் முதல் நாளே அவரிடம் காட்டிவிட வேண்டும். அவர் கையில் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். முன்பு எப்போதோ ஒரு கல்யாணமாகாத பையன், ஒரு பெண்ணின் பெயர் வரிகளின் முதல் எழுத்துகளில் வரும்படி கவிதை எழுதி வாசித்துவிட்டானாம். பெண்ணின் அப்பா நாற்காலியைத் தூக்கினாராம். அன்றிலிருந்து சங்கத்தில் ‘காதல்’ என்ற சொல்லுக்கே தடை. குடும்பங்கள் வரும் இடம், வயதுப் பெண்கள் உட்காரும் இடம் என்று காரணம் சொன்னார்கள். காதல் என்று எழுதினால் சிவப்புக் கோடு. முத்தம் என்றால் இரண்டு கோடு. நண்டு என்று எழுதினால் கேள்வியே இல்லாமல் அனுமதி.

விளைவு என்ன? எங்கள் சங்கத்தில் நண்டுகள் பெருகின. கொக்குகள் வந்தன, தாழம்பூ வந்தது, டிராம் வந்தது, ஹூக்ளியில் எதிரெதிரே போகும் இரண்டு படகுகள் வந்தன. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களான எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. வங்கிக்காரர் படகைப் பற்றி வாசித்தால், அந்த இன்னொரு படகு எந்தத் தெருவில் குடியிருக்கிறது என்று சிங்காரா வருவதற்குள் கண்டுபிடித்துவிடுவோம். செயலாளர் மட்டும் முன்வரிசையில் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருப்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. தூத்துக்குடியிலிருந்து இளவயதில் வந்தவர். பெஹாலாவில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் இருந்தோம். நான் இந்த ஊரிலேயே பிறந்து, ஜாதவ்பூரில் வங்க இலக்கியம் படித்துவிட்டு, டல்ஹௌசி பக்கம் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பேச்சுத் தமிழ் வீட்டிலிருந்து வந்தது. எழுதப் படிக்கக் கற்றது சங்கத்து வகுப்பில்தான். கனவு வந்தால் வங்காளத்தில் வரும். சண்டை மட்டும் தூத்துக்குடித் தமிழில்.

அவர் எங்கள் சங்கத்துக்கு வந்தது ஒரு தை மாதம். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் இன்ஜினீயர். தென்காசிப் பக்கத்துக்காரர், சுத்த சைவம். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்ப்பார். தமிழ் இலக்கியத்தை ஆசைக்காகப் படித்தவர். தேநீர் நேரத்தில் எனக்கு ஐந்து திணைகளையும் விளக்கினார். மலை என்றால் கூடுதல், கடற்கரை என்றால் இரங்கல், இப்படி ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு மனநிலையாம். நிலத்தைச் சொன்னாலே போதும், மனசு புரிந்துவிடுமாம். நான் பாதிதான் கேட்டேன். மீதி நேரம் அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்த அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அப்போ சாந்த்ராகாச்சி யார்டு என்ன திணை?” என்று கேட்டேன்.

“பாலைங்க,” என்றார் யோசிக்காமல். “ரெண்டு நாளா குவார்ட்டர்ஸுக்குத் தண்ணி வரல.”

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு நிலமும் வேண்டாம், பறவையும் வேண்டாம்.

ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது. அவருடைய முதல் கவிதையில் ஒரு குளம். கரையில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது. மீன் மேலே வந்து பார்க்கிறது. கொக்கு கண்ணை மூடிக்கொள்கிறது. அதோடு கவிதை முடிந்துவிட்டது. பின்வரிசை விழித்துக்கொண்டது. கொக்கு யார் என்பதில் சந்தேகமில்லை, அந்தக் கால்களைப் பார்த்தாலே தெரியும். மீன் யார் என்பதுதான் கேள்வி. ராணுவக் கணக்கு அலுவலகத்துக்காரரின் இரண்டாவது பெண்ணாக இருக்கும் என்று ஒரு கட்சி. எனக்கோ அந்தப் பெண்ணின் பின்னலை இழுக்க வேண்டும் போலிருந்தது.

பங்குனியில் அவர் வாசித்த கவிதையில் ஒரு நீலக் குடை வந்தது. கம்பி ஒன்று ஒடிந்து, ஒரு பக்கம் சிறகு தொங்கிய பறவை போலத் தெருவில் போகிறது என்று எழுதியிருந்தார். என் குடை நீலம். மினிபஸ் கூட்டத்தில் அதன் கம்பி ஒடிந்து பல நாளாகியிருந்தது. பின்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்குக் காது வரை சூடேறியது. சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். அப்பா என் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

வாசிப்பு முடிந்ததும் நேராக அவரிடம் போனேன்.

“அந்தக் குடை யாரோடது?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார். “பொதுவா ஒரு குடைங்க.”

“கம்பி ஒடிஞ்ச பொதுக் குடையா?”

“கவிதையில அப்படித்தாங்க வரும்.”

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கொக்கு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஆள் அந்த ரகம்.

எங்களுக்கு மேல்மாடியில் ஒரு வங்காளக் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நான் பௌதி, அதாவது அண்ணி என்று கூப்பிடுவேன். எனக்கிருந்த ஒரே தோழி அவர்தான். இந்தக் கவிதைகளையெல்லாம் அவருக்கு வங்காளத்தில் சொல்லிக் காட்டினேன். கொக்கைக் கேட்டுவிட்டு, “அடடா!” என்றார். குடையைக் கேட்டுவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு கொஞ்சம் யோசித்து, “நல்ல கவிஞன்தான். ஆனா இந்த வேகத்துல போனா, உனக்குப் பேரன் பொறந்த பிறகுதான் விஷயத்துக்கு வருவான்,” என்றார்.

எனக்குப் பேரன் வரை பொறுக்க நேரமில்லை. அந்த ஆண்டு துர்கா பூஜை முடிந்ததும் அப்பாவுக்கு ஓய்வு. அதன் பிறகு தூத்துக்குடிதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். அங்கே எனக்கு ஒரு வரனும் பார்த்திருந்தார்கள். உப்பளம் வைத்திருக்கிற குடும்பம். போட்டோவில் பையன் நன்றாகவே இருந்தான், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் நான் அந்த ஊரைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்தவள். அதைவிடப் பெரிய விஷயம், எனக்கு வேறு ஒருவரைப் பிடித்திருந்தது. பூஜைக்குள் அவர் வாய் திறந்து கேட்டால் உண்டு. கேட்காவிட்டால் நான் ரயிலேறி உப்பளத்துக்குப் போய்விடுவேன். அப்பாவிடம் நானே போய் என்னவென்று சொல்வது? ‘ஒருவர் என் குடையைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறார், அதனால் உப்பளம் வேண்டாம்’ என்றா?

அவர்தான் முதலில் சொல்ல வேண்டும் என்ற வீம்பும் எனக்கு இருந்தது. அதனால் அவருக்குப் புரிகிற மொழியிலேயே ஒரு தள்ளு தள்ளிவிடலாம் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகத் தமிழில் கவிதை எழுதினேன்.

*டிராம் திரும்பும் இடத்தில்*
*முதல் மழை இறங்கும்.*
*நான் நிற்பேன்.*
*இருவருக்கு ஒரு குடை போதும்*
*என்று தெருவுக்கும் தெரியும்.*

வங்காளத்தில் மழைக்கு ஒரே அர்த்தம்தான். மேகம் கறுத்தால் மனசு வீட்டில் தங்காது. பெண் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு, சேற்றில் கால் வைத்து, அவனைப் பார்க்கக் கிளம்பிவிடுவாள். நூற்றாண்டுகளாக இங்கே பாட்டு அப்படித்தான். ஜாதவ்பூரில் அதைத்தான் வருடக்கணக்கில் படித்தேன். ஆகவே என் கவிதை எனக்குப் பளிங்கு மாதிரித் தெளிவாக இருந்தது. முதல் மழை பெய்யும் மாலை, பெஹாலா டிராம் டிப்போவுக்கு வா. இதைவிடப் பச்சையாக எழுதினால் அது கவிதை இல்லை, தந்தி.

செயலாளர் படித்துப் பார்த்தார். பென்சிலை எடுத்தார், வைத்தார். “மழையப் பத்தி எழுதியிருக்கே. நல்லதும்மா, விவசாயம் செழிக்கும்,” என்று அனுமதி கொடுத்தார்.

நான் வாசித்தபோது அவர் முதல்முறையாக மின்விசிறியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். தேநீர் நேரத்தில் தானாகவே பக்கத்தில் வந்தார்.

“புரிஞ்சிட்டுதுங்க,” என்றார்.

“நெசமாவா?”

“நல்லாப் புரிஞ்சிட்டு. மனசு நெறஞ்சிருக்கு.”

அன்று நான் பெஹாலாவுக்கு மினிபஸ்ஸில் வந்தேனா, பறந்து வந்தேனா என்று நினைவில்லை. பௌதி தன்னுடைய பச்சைத் தாந்த் கைத்தறிப் புடவையை எடுத்துக் கொடுத்து, இஸ்திரி போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆனி பிறந்து சில நாளில் முதல் மழை வந்தது. மதியமே வானம் இருண்டுவிட்டது. தலைவலி என்று சொல்லி அலுவலகத்திலிருந்து கிளம்பி, வீட்டில் புடவை மாற்றிக்கொண்டு, டிராம் டிப்போவில் போய் நின்றேன். டிராம்கள் ஒவ்வொன்றாக வந்து வட்டமடித்துத் திரும்பின. தண்ணீர் கணுக்காலைத் தொட்டு மேலே ஏறியது. பொரி விற்கிறவர் கடையைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு போனார். ஒரு கண்டக்டர் இரண்டு முறை, “தீதி, எங்கே போகணும்?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை, என்னைப் பார்க்காமல் போனார். அதுதான் அதிக அவமானமாக இருந்தது. ஒடிந்த கம்பி வழியாக ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்தது. அவர் வரவே இல்லை.

எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போன பிறகும் கோபம் போகவில்லை. அடுத்த வாசிப்புக்கு அவரைக் கிழித்துத் தோரணம் கட்டும் எண்ணத்தோடு போனேன். அவர் பயிற்சிக்காக வெளியூர் போயிருக்கிறார், திரும்பி வர இரண்டு மாதமாவது ஆகும் என்று செயலாளர் அறிவித்தார்.

போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று பௌதியிடம் அழுதேன். பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். குடைக் கவிதைக்கு அடுத்து, ‘பட்டறைக்குப் போகும் சக்கரம்’ என்று அவர் ஒன்று வாசித்தாரே! தேய்ந்த சக்கரம் பட்டறைக்குப் போய்ச் சீராகித் தன் தண்டவாளத்துக்கே திரும்பும் என்று. நான் அதை ரயில் சக்கரம் என்று நினைத்துக்கொண்டு கை தட்டினேன். மனுஷன் தன் பயணத் திட்டத்தை அறிவித்திருக்கிறார்.

அந்த இரண்டு மாதமும் வீட்டில் தூத்துக்குடிப் பேச்சுதான். ஜாதகம் பொருந்திவிட்டது. பூஜை முடிந்து நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் பெண் பார்க்க வருவார்கள். அம்மா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். என்னட்டி பேசாம இருக்க என்று கேட்டால், தலைவலி என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. இந்த ஊரையும் அவரையும் ஒரே ரயிலில் விட்டுவிட்டுப் போகப் போகிறேன் என்று பயமாக இருந்தது.

ஆவணி நடுவில் ஒரு ஞாயிறு அவர் திரும்பி வந்தார். கையில் எதுவும் எழுதி எடுத்து வரவில்லை. கொஞ்சம் கறுத்திருந்தார், முகத்தில் அப்படி ஒரு நிறைவு. தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தேன்.

“ஏன் வரல?”

“எங்கங்க?”

“மழைக்கு!”

அவர் விழித்தார். “நீங்கதானே காத்திருக்கேன்னு சொன்னீங்க. அந்த நிம்மதியிலதான் ட்ரெய்னிங் போனேன்.”

“யாரு சொன்னா?”

“கவிதையில சொன்னீங்களே! மழை, வழி பார்த்து நிக்கிற பொண்ணு. முல்லைத் திணைங்க அது. பிரிஞ்சு போனவன் திரும்பி வார வரைக்கும் அவ பொறுமையா வீட்டுல காத்திருப்பா. கார்காலம் அதுக்குத்தானே? நான் பட்டறைன்னேன், நீங்க மழைன்னீங்க. எவ்வளவு பொருத்தமான பதில்னு எனக்குக் கண்ணு கலங்கிட்டு.”

அவர் வைத்திருந்த அகராதியில் மழைக்குப் பொறுமை என்று பொருள். என் அகராதியில் மழைக்குக் கிளம்பு என்று பொருள். ஒரே மழையில் அவர் தமிழ்நாட்டுக்காரராக நனைந்திருக்கிறார், நான் வங்காளியாக நனைந்து காய்ச்சலில் படுத்திருக்கிறேன்.

“இது வங்காளத்து மழை,” என்றேன். “இதுக்கு உங்க திணையெல்லாம் தெரியாது. டிராம் டிப்போவுல முழங்கால் தண்ணியில நின்னேன். பொறுமையாம் பொறுமை! பூஜை முடிஞ்சா நாங்க தூத்துக்குடி போறோம். அங்க எனக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு.”

அவர் கையிலிருந்த கோப்பை சரிந்து தேநீர் சட்டையில் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் பாதி கரைந்தது.

“வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கீங்க? இந்தத் தடவையாவது நேராச் சொல்லுங்க,” என்றேன்.

“சொல்லுதேன். அடுத்த வாசிப்புல நிச்சயமாச் சொல்லிருதேன்.”

இரண்டு வாரம் நான் தூங்கவில்லை. அந்த ஞாயிறு வந்தது. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, இதை வாசித்தார்.

*மலையில் பிறந்தவனுக்கு*
*முள்ளின் வழி தெரியாது.*
*ஆற்றை எதிர்த்து ஏறிவரும்*
*வெள்ளி இலிஷே,*
*உன்னை உண்ணும் வீட்டில்*
*ஓர் இலையின் முன்னே*
*உட்கார வந்திருக்கிறேன்.*

இலிஷ் என்பது இந்த ஊரே கொண்டாடுகிற மழைக்காலத்து மீன். ருசியும் அதிகம், முள்ளும் அதிகம். அவர் வீட்டில் முட்டை வேகவைத்த பாத்திரம்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவர், மீன் மணக்கும் எங்கள் வீட்டில் இலை முன்னால் உட்காருகிறேன் என்று ஊரறியச் சொல்கிறார். அவர் குலத்தில் யாரும் சொல்லத் துணியாத சொல். எனக்குப் புரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே சமயம் நாற்காலியைத் தூக்கிய அந்தப் பழைய அப்பா மேல் முதல்முறையாக அனுதாபமும் வந்தது. நேராகச் சொல் என்றால் இதுவா நேர்?

சபையில் ஒருவருக்கும் காதல் கண்ணில் படவில்லை. மீன்தான் பட்டது.

“தம்பி, உங்க வீட்டுல சைவம்ல?” என்று ஒரு குரல் எழுந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமாப்பா?” என்று இன்னொரு மாமி கேட்டார்.

வங்காளத்தில் பூசை செய்கிறவர்களே மீன் சாப்பிடுகிறார்கள் என்று வங்கிக்காரர் பரிந்து பேசினார். ஊரோடு ஒத்து வாழ் என்று ஒருவர். அதற்காக நாக்கையுமா ஒப்படைப்பது என்று மற்றொருவர். செயலாளர் தன்னுடைய சிவப்புப் பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதலுக்குத் தடை போட்டவருக்கு மீனுக்குத் தடை போடத் தோன்றவில்லை. பின்வரிசைப் பெண்கள்கூட மீனைப் பற்றியே பேசியதுதான் எனக்குத் தாங்க முடியாத துக்கம்.

இந்தச் சத்தத்தில் அப்பா விழித்துக்கொண்டார். அவர் காதில் விழுந்தது இலிஷ் என்ற ஒரே சொல். எழுந்து போய், வாசித்தவரின் தோளைத் தொட்டார்.

“தம்பி, எங்க சாப்பிட்டீரு? கங்கை மீனா, பத்மா மீனா?”

“இன்னும் சாப்பிடலைங்கய்யா.”

“சாப்பிடாமலா இவ்வளவு அழகா எழுதுனீரு!” அப்பாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இருபது வருடத் தூக்கத்தில் அவர் ரசித்த முதல் கவிதை அதுதான். “இதுக்குக் கவிதையா எழுதுவாவ? வாயத் தெறந்து கேக்கப்படாதா? வார ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்ம வீட்டுக்கு வாரும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா புளியும் தேங்காயும் அரைத்துவிட்டு இலிஷ் குழம்பு வைத்திருந்தாள். இலிஷை இப்படிக் கொலை செய்வார்களா என்று வருத்தப்பட்டு, பௌதி மேலேயிருந்து கடுகு அரைத்த குழம்பு ஒரு கிண்ணம் அனுப்பியிருந்தார். கூடத்தில் தரையில் இலை போட்டோம். அவர் முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்தார். அப்பா முள்ளெடுக்கும் வித்தையை விளக்கிக்கொண்டே ஒரு துண்டை அவர் இலையில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். கண்ணை மூடி விழுங்கினார். பிறகு நிமிர்ந்து, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, “ஐயா, ஒங்ககிட்ட நான் ஒண்ணு சொல்லணும்,” என்று தொடங்கினார். தொடங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் சிவந்தது. கை தொண்டைக்குப் போனது.

“முள்ளு!” என்று அம்மா கத்தினாள். “சோத்த உருட்டி முழுங்குங்க தம்பி, வெறுஞ்சோறு!”

அப்பா முதுகில் அறைந்தார். நான் தண்ணீர் கொண்டு ஓடினேன். அவர் சோற்றை உருட்டி விழுங்கினார், விழித்தார், இருமினார், என்னைக் காட்டினார், அப்பாவைக் காட்டினார், தன் நெஞ்சைக் காட்டினார். நெஞ்சில் அடைக்கிறது போலிருக்கிறது என்று அம்மா இன்னொரு உருண்டை பிடித்தாள். எட்டு மாதமாகக் கொக்கும் குடையும் சக்கரமுமாக ஓட்டியவர் கடைசியில் ஊமை நாடகத்துக்கு வந்துவிட்டார். எனக்குப் பொறுமை என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால் அது அந்த இடத்தில் முடிந்தது.

“அவருக்கு என்னப் புடிச்சிருக்குப்பா,” என்றேன். தண்ணீர்ச் சொம்பு என் கையிலேயே இருந்தது. “எனக்கும் அவரப் புடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கணும். அதத்தான் அவரு சொல்ல வாராரு. இவ்வளவுதான் விஷயம். இதுக்குத்தான் அந்தக் கொக்கு, குடை, மீனு எல்லாம்.”

அம்மாவின் கையில் உருண்டை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்து அவருக்கு முள் இறங்கியது. கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிய, கரகரத்த குரலில், “ஆமாங்கய்யா,” என்றார். “இவங்களத்தான் கட்டிக்கணும்னு ஆசப்படுதேன்.” ஒரு பூ இல்லை, ஒரு பறவை இல்லை. முள் குத்தி வந்த கண்ணீரைக் காதல் கண்ணீர் என்று நினைத்து அம்மா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. உப்பளக்காரர்களைப் பற்றியும் கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“அப்போ நானும் ஒங்கம்மையும் தனியாத்தான் ஊருக்குப் போவணும். என்ன?”

சத்தியமாக நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. பூஜைக்குள் அவரைப் பேசவைக்க வேண்டும், ஊர் போகாமல் தப்ப வேண்டும் என்று மட்டுமே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் இருந்துவிட்டால் அந்த ரயிலில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து போவார்கள் என்று அப்பா சொன்ன பிறகுதான் தெரிந்தது. எதையாவது சுற்றி வளைத்துச் சொல்லலாமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

“ஆமாப்பா,” என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் இலையின் ஓரத்தில் மீன் சினை முழுசாக இருந்தது. எங்கள் வீட்டில் சினை அப்பாவுக்கு. அம்மா எடுத்து வைப்பாள், யாரும் பங்கு கேட்டதில்லை, அவரும் யாருக்கும் கொடுத்ததில்லை. அதைக் கடைசி வாய்க்கென்று ஒதுக்கி வைத்துத்தான் சாப்பிடுவார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உடையாமல் எடுத்து, பக்கத்தில் எனக்குப் போட்டிருந்த இலையில் வைத்தார்.

“உக்காருட்டி,” என்றார். “ஆறிரும். தின்னு.”